கிதாரின் முழக்கமும் நம் ஆய்வுக்கூடமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கிதார்போல் ஒலிக்க வேண்டுமானால் வெளிநாட்டுப் பெடலும் பெருக்கியும் வேண்டும், நமக்கு ஏது வசதி?" நம் கல்லூரியில் கிதார் பழகும் நண்பர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. அந்த ஒலி பணத்தில் பிறந்ததன்று, இயற்பியலில் பிறந்தது என்பதே என் கருத்து.

'சைக்கடெலிக் ராக்' என்னும் அவ்விசை 1960-களில் மேல்நாடுகளில் எழுந்தது. போதைப் பழக்கத்தோடு அதன் பெயர் சேர்ந்துவிட்டது உண்மைதான். ஆனால், ஒலிக்குப் போதை தேவையில்லை. அதற்கு வேண்டியது ஒரு மின்சுற்று. 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றில், ஒலிப்பதிவுக் கருவி பழுதானதால் பேஸ் கிதார் கரகரத்தது. அந்தக் கரகரப்பிலும் ஓர் அழகைக் கண்டனர். அதை வேண்டும்போதெல்லாம் வரவழைக்கவே 'ஃபஸ்' பெடல்கள் தோன்றின. ஹெண்ட்ரிக்ஸ் கையாண்ட 'ஃபஸ் ஃபேஸ்' 1966-இல் லண்டனில் உருவானது. அதனுள் இருப்பவை இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு மின்தடைகள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு குமிழ்கள், ஒரு 9 வோல்ட் பாட்டரி. அவ்வளவே!

பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் ஓட்டினால் சைன் அலையின் முடியும் அடியும் வெட்டுண்டு சதுர அலையை நெருங்கும், மேற்சுரங்கள் பெருகும். ஃபஸ் குமிழை முழுதும் திருப்பி, பெருக்கியின் ஒலியை உடையத் தொடங்கும் வரை ஏற்றிவிட்டு, கிதாரின் குமிழைச் சற்றே குறைத்தால் ஒலி தெளியும், ஏற்றினால் முழங்கும். முதலில் வந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூட்டில் குணம் மாறும். எங்கள் கோவளத்துச் சித்திரை வெயிலுக்கு அது ஒத்துவராது. பின்னாளில் அதன் இடத்தைப் பி.சி. 108 என்னும் சிலிக்கான் டிரான்சிஸ்டர் பிடித்தது. அதன் உடன்பிறப்பான பி.சி. 107 நம் ஆய்வுக்கூட மேசையிலேயே இருக்கிறதே!

இருந்தும் நாம் செய்வதென்ன? அலை உருக்குலைந்தால் உள்ளீட்டைக் குறைக்கிறோம். அளவுகளை எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் வாங்கியதும் மறந்துவிடுகிறோம். எந்த இடத்தில் நாம் சோதனையை நிறுத்துகிறோமோ, அந்த இடத்தில்தான் ஹெண்ட்ரிக்ஸின் இசை தொடங்குகிறது.

இதெல்லாம் மேல்நாட்டு மோகம் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். 1965-இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவினர் ஒரு பாடலுக்குச் சித்தார் கலைஞரை வரவழைத்தனர். அது சரிவராமற்போகவே, ஜெஃப் பெக் ஃபஸ் கிதாரிலேயே சித்தாரின் ரீங்காரத்தை எழுப்பினார். நம் தம்புராவையே பாருங்கள். குதிரையின்மேல் தந்திக்கடியில் ஒரு நூலிழையைச் செருகி 'ஜீவா' பிடிக்கிறோம்; மேற்சுரங்கள் எழும்பித் தந்தி உயிர்பெறுகிறது. மின்சாரம் வருமுன்பே மேற்சுரத்தின் அருமை அறிந்தவர்கள் நாம். அவ்வாறிருக்க, இதில் யார் அந்நியர்?

2013-இல் எங்கள் ஊர்க் கடற்கரையில் அலைச்சறுக்கு விழாவோடு இசை விழாவும் நடந்தது. மின்கிதார் எங்கள் குப்பத்துப் பிள்ளைகளின் காதுக்குப் புதிதன்று, கைக்குத்தான் எட்டவில்லை. என் தந்தை கடலுக்குப் போகிறவர். வலை அறுந்தால் தாமே பின்னுவார். படகு இஞ்சின் நின்றால் தாமே பிரிப்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். படித்த மகன், "கடையில் கிடைத்தால்தான் உண்டு" என்று கைகட்டி நின்றால், படிக்காத தந்தையைவிட அவன் எவ்விதத்தில் உயர்ந்தவன்?

ஆகவே, பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள், வகுப்பு முடிந்தபின், ஒரு மணி நேரம் ஆய்வுக்கூடத்தை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். பற்றவைப்புக் கோலும் சி.ஆர்.ஓ.வும் போதும். நண்பர்களே, பெடலுக்காகப் பணம் சேரும்வரை காத்திராதீர்கள், பாடப்புத்தகத்தைப் புரட்டுங்கள். அடுத்த கல்லூரி விழா மேடையில் முழங்கும் கிதார், நம் கையால் பற்றவைத்த மின்சுற்றின் வழியே முழங்கட்டும்!