பொன் கொடுத்து வாங்கிய புரவி

சென்ற மாதம் என் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு பெரியபட்டினத்துக் கடற்கரைக்குப் போயிருந்தேன். பழைய துறைமுகம், சீனத்துப் பீங்கான் துண்டுகள் மண்ணிலிருந்து கிடைத்த ஊர். வழியில் ஓர் ஐயனார் கோயில். எதிரே மண் குதிரைகள் வரிசையாக நின்றன. சிறுவன் ஒருவன், "ஸார், ஊருக்கு ஊர் மண் குதிரை இருக்கிறதே, உயிருள்ள குதிரை ஏன் இல்லை?" என்று கேட்டான். கேள்வி சிறியதுதான், விடை சொல்லவோ எழுநூறு வருஷம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

பாண்டிய நாட்டுக்குக் குதிரை கடல் கொணர்ந்த சரக்கு. குதிரை வாங்க மன்னன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் சிவப்பணிக்குச் செலவிட்ட கதையையும், பரியாக வந்த நரிகள் இரவில் மீண்டும் நரிகளான கதையையும் அறியாத குழந்தை நம் வீடுகளில் இல்லை. சரித்திரம் சொல்வதும் ஏறக்குறைய அந்தக் கதைதான். 13-ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாண்டிய நாட்டுக்கும் பிற இந்தியத் துறைகளுக்கும் அனுப்பப்பட்டன என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும், நடுக்கடலில் மாண்ட குதிரைக்கும் அரசன் பொக்கிஷமே விலை கொடுத்தது என்றும் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் எழுதினார்.

அதே காலத்தில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பிரயாணி மார்க்கோ போலோ சொல்வது இன்னும் வேதனை தருவது. அரசன் வாங்கிய குதிரைகள் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல்; ஆண்டு முடிவில் மிஞ்சியவை நூறுகூட இல்லை. உயர்ந்த ஜாதிப் பெட்டையும் உயர்ந்த ஜாதி ஆணும் சேர்ந்து ஈன்ற குட்டியும் கால் கோணி, சவாரிக்கு உதவாமல் போயிற்று. இதற்கு மேலாக ஒன்று சொல்கிறார்: குதிரை வியாபாரிகள் குதிரை வைத்தியர் எவரையும் உடன் அழைத்து வரவில்லை, தாமாக வர நினைத்தவர்களையும் தடுத்தார்கள். குதிரை பிழைத்தால் வியாபாரம் படுத்துவிடும் அல்லவா?

குற்றம் நம் மண்ணுடையதா? இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, பாக் ஜலசந்தியில் நெடுந்தீவு இருக்கிறது. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆண்ட நாளில் அங்கு வந்த குதிரைகளின் வம்சம் இன்றும் காட்டுக் குதிரைகளாக அங்கே திரிகிறது. உருவத்தில் சிறியவை, கோடையில் குடிநீரின்றித் துன்புறுபவை. ஆயினும் லாயமும் காவலுமின்றித் தலைமுறை தலைமுறையாகக் குட்டி ஈன்று வருகின்றன. வெயிலும் உப்புக்காற்றும் நமக்கும் அத்தீவுக்கும் ஒன்றேதான். ஆகவே மண்ணின் மேல் பழி போடுவது பொருந்தாது.

பின் எதன் மேல் போடுவது? இங்கே குதிரைக்கு இறைச்சியும் வேகவைத்த சோறும் கொடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ குறிக்கிறார். குதிரை புல் தின்னும் பிராணி. தானியமும் தவிடும் மிகுந்த தீனியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் எலும்பு வலுவிழக்கும் என்று இன்றைய கால்நடை வைத்தியம் கூறுகிறது. கோணிய கால்களுக்கு அதுவும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இனப்பெருக்கமோ இன்னும் நுட்பமான விஷயம். பெட்டைக் குதிரை சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வெளிப்பட்ட கருமுட்டை ஒரு நாள்கூடத் தாங்காது. கர்ப்பகாலம் பதினொரு மாதம். ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. ஒரு நாள் தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பருவமே தவறினால் ஒரு வருஷம் வீண். நாளும் பொழுதும் அறிந்து செய்யவேண்டிய இவ்வித்தையைப் பொன் கொடுத்துக் கப்பலில் இறக்க முடியுமா?

இன்று அந்த வித்தை நம் தேசத்திலேயே வளர்கிறது. ஹரியானாவில் ஹிஸாரில் குதிரைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் பிகானீர்க் கிளையில், ஒரு மார்வாரிப் பெட்டையின் கருப்பையிலிருந்து ஏழரை நாள் வயதுள்ள கருவை எடுத்து, வேறொரு பெட்டையின் வயிற்றில் வைத்தார்கள். 2023-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி ஆரோக்கியமான பெண் குட்டி பிறந்தது. எடை 23 கிலோ. நல்ல ஜாதிப் பெட்டை தானே சுமந்தால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான். இம்முறையில் அதன் வம்சம் பல வயிறுகளில் வளரலாம்.

பாண்டியன் பொக்கிஷத்தில் பொன்னுக்குக் குறைவில்லை. குதிரையைப் பேணத் தெரிந்தவனுக்குத்தான் பஞ்சம். விற்பவன் பொருளைத் தருவான். அதைப் பெருக்கும் அறிவை மனமுவந்து தருவானா? அதை நாமேதான் தேடிக்கொள்ளவேண்டும்.

திரும்பி வருகையில் இதையெல்லாம் அந்தச் சிறுவனுக்குச் சொன்னேன். அவன் சற்றுநேரம் யோசித்துவிட்டு, "அந்தப் படிப்பை எங்கே படிக்கலாம், ஸார்?" என்றான். அதற்கு விடை சொல்ல எழுநூறு வருஷம் பின்னால் போகவேண்டியிருக்கவில்லை.