விலையைச் சொல்லாத மஸ்டாங் விமர்சனங்கள்

மஸ்டாங் ஜிடியை ஓட்டிப் பார்த்து எழுதுறவங்க எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுறாங்க. சத்தம் சிங்கம் மாதிரி, மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டுது, வளைவில் கொஞ்சம் கனம். சரி மக்கா, விலை? அதைக் கடைசி வரியில் போட்டுட்டு ஓடிடுறாங்க.

மசில் கார்னாலே சாதாரண காருக்குள்ள பெரிய இஞ்சினைத் திணிச்சு, சம்பளக்காரன் வாங்குற விலைக்கு விக்கிறதுதான். 1964-ல் முதல் மஸ்டாங்கின் ஆரம்ப விலை 2,368 டாலர். (அது போனி கார்னு சண்டைக்கு வர்றவங்க கொஞ்சம் பொறுங்க.) 2016-ல் 5 லிட்டர் வி8 ஜிடி இந்தியாவுக்கு வந்தப்போ டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். அமெரிக்காவில் ஜிடியின் ஆரம்ப விலை 33,000 டாலருக்குப் பக்கம். அன்னைக்கு மதிப்பில் சுமார் 22 லட்சம். இங்கே இன்னோவா கிரிஸ்டா டாப் மாடல் வாங்குறவர் எட்டிப் பிடிக்கிற விலை.

மிச்சம் எங்கே போச்சு? பெரும்பகுதி வரி. அப்போ 3000 சிசிக்கு மேற்பட்ட பெட்ரோல் காரை முழுசா இறக்கினா சுங்கவரி மட்டும் 100 சதவீதமா இருந்துச்சு. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாத்தவாம்! வி8 கார் செய்ற எந்தக் கம்பெனியைக் காப்பாத்தினாங்க? மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டே 2022-ல் உற்பத்தியை நிறுத்திட்டுப் போயிடுச்சு.

பணக்காரன் பொம்மைக்கு வரி போட்டா என்னன்னு கேப்பீங்க. வரி போட்டதாலதான்டே அது பணக்காரன் பொம்மை.

நம்ம ஊரில் மசில் கார் வேலையைச் செய்தது யமஹா ஆர்எக்ஸ்100. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சொச்சம். தயாரிப்பு 1996-ல் நின்னாலும், சேரன்மகாதேவி ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டா டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. மஸ்டாங் விமர்சகர் யாராவது பாபநாசம் பக்கம் வந்தா சொல்லுங்க, ஒண்ணு இரவல் வாங்கித் தாரேன்.