ஜரீனா அம்மையாரின் சித்திரங்களும் நமது தேசியமும்

இஸ்லாமிய பக்தியிலிருந்து பிறக்கும் கலையை நம் நாட்டுக் கலையென்று கொள்ளலாமா என்னும் கேள்வியை இன்றும் சிலர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். வெளிப்படையாகக் கேட்போர் சிலர். மனத்துள் கேட்டுக்கொண்டு நாவில் வேறு பேசுவோர் பலர். இவ்விரு சாராரையும், காலஞ்சென்ற ஜரீனா ஹாஷ்மி அம்மையாரின் சித்திரங்கள் முன்னே சற்று நேரம் நிற்குமாறு அழைக்கிறோம்.

2020-ஆம் வருஷம் ஜனவரி இறுதியில், புது தில்லியிலுள்ள கிரண் நாடார் கலைக்காட்சிச்சாலையில் அம்மையாரின் வாழ்நாட் படைப்புக்கள் திரட்டி வைக்கப்பட்டன. ‘ஒன்பது கோடுகளில் ஒரு வாழ்வு’ என்பது அக்காட்சிக்கு இட்ட பெயரின் பொருள். காட்சி தொடங்கி ஒரு மாதம் ஆகும் தறுவாயில், அதே நகரின் வடகிழக்குப் பகுதியில் கலகம் மூண்டு ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மார்ச்சு மாதத்தில் நோய்க்கு அஞ்சி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 25-ஆம் தேதி அம்மையார் தமது 82-ஆம் வயதில் லண்டனில் காலமானார். கலகச் செய்தியும் நோய்ச் செய்தியும் நிறைந்த பத்திரிகைகளில் இக்காட்சிக்குக் கிடைத்த இடம் சிறிது. அக்குறையைக் காலங்கடந்தேனும் தீர்க்க விரும்புகிறோம்.

அம்மையார் 1937-இல் அலிகாரில் பிறந்தவர். தந்தையார் அவ்வூர் முஸ்லிம் சர்வகலாசாலையில் சரித்திரப் பேராசிரியர். அம்மையார் அங்கேயே கணித சாஸ்திரம் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார். ராஜதந்திர உத்தியோகத்திலிருந்த கணவருடன் பாங்காக், பாரிஸ் முதலிய நகரங்களில் வசித்தார். பாரிஸில் உலோகத்தகட்டு அச்சையும், டோக்கியோவில் மரக்கட்டை அச்சையும் கற்று, 1976 முதல் நியூயார்க்கில் குடியிருந்தார். இதற்கிடையில் பெற்றோர் கராச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பிறந்த வீடு ஒரு தேசத்தில், பெற்றோர் மற்றொரு தேசத்தில், தாம் மூன்றாவதொரு தேசத்தில் என்றாகிவிட்ட பெண்மணி கையில் உளி எடுத்தால் எதைச் செதுக்குவார்? வீட்டைத்தான் செதுக்கினார்.

1999-இல் அவர் இயற்றிய ‘வீடு ஓர் அந்நிய இடம்’ என்னும் வரிசையில் 36 மரச்செதுக்கு அச்சுக்கள் உள்ளன. முதலில் சொற்களைத் தேர்ந்தார்: வீடு, வாசற்படி, முற்றம், எல்லை என்பன போல. அவை உருதுச் சொற்கள். அவற்றை அழகிய நஸ்தலீக் எழுத்தில் எழுதித் தருமாறு பாகிஸ்தானத்திலுள்ள எழுத்துக்கலைஞர் ஒருவருக்கு அனுப்பினார். ஒவ்வொரு சொல்லுக்கும் சில கோடுகளாலான ஒரு வடிவம் அமைந்தது. மனித உருவம் ஒன்றேனும் இல்லை. ஆயினும், நாளும் நாம் கடந்து செல்லும் வாசற்படி இத்தனை கனமுடையது என்பதை அக்கோடுகள் உணர்த்துகின்றன.

இனி, 2001-இல் அவர் செய்த ‘பிரிக்கும் கோடு’ என்னும் சித்திரம். அச்சுத் தொழிலோடு நாளும் உறவாடும் நமக்கு இதன் பொருள் சற்று ஆழமாகவே படுகிறது. மரக்கட்டை அச்சில் செதுக்கி எடுத்த பள்ளம் மையைப் பற்றாது. செதுக்காமல் நின்ற மேடே மையைப் பற்றிக் காகிதத்தில் விழும். ஆதலின், இந்தியாவுக்கும் பாகிஸ்தானத்துக்கும் இடையேயுள்ள எல்லையைக் கருங்கோடாகக் காட்ட விரும்பினால், அக்கோட்டை உளியால் தொடவே கூடாது. அதற்கு இப்புறமுள்ள நிலத்தையும் அப்புறமுள்ள நிலத்தையும் சுரண்டி எறிதல் வேண்டும். இரு நாடுகளும் வெறும் வெளியாகிவிட, நடுவே கோடு மாத்திரம் எஞ்சி நிற்கிறது. உளி விட்டுவைத்த சிறு சிறு மரச்சிலும்புகள் அதன் இரு மருங்கிலும் கரிய துகள்களாகச் சிதறிக் கிடக்கின்றன. பிரிவினையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். இரு புறத்தையும் அழித்தாலன்றிக் கோடு உண்டாகாது என்ற உண்மையை இத்தனை சுருக்கமாகச் சொன்ன பிரசங்கி எவருமில்லை.

மெய்யான கோட்டைக் கிழித்தவர் சர் சிரில் ராட்கிளிஃப் என்னும் ஆங்கில வக்கீல். முன்னர் இந்தியாவில் கால் வைத்தறியாத அவர் 1947 ஜூலை 8-ஆம் தேதி வந்திறங்கி, சுமார் ஐந்து வாரத்தில் வேலையை முடித்தார். ஆகஸ்ட் 15-இல் கொடி ஏறிற்று; எல்லை எங்கே என்பதை ஜனங்களுக்கு அறிவித்ததோ 17-இல். கொல்லைப்புறச் சுவர் ஒன்றின் பாத்தியதையைத் தீர்ப்பதற்கு ஸப் கோர்ட்டில் இதனினும் அதிகமான அவகாசம் அளிக்கப்படும் என்பதை நம் சட்டத்துறை நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள்!

அம்மையாரை வெறும் அரசியற் சித்திரக்காரராக எண்ணிவிடலாகாது. முதிர்ந்த வயதில் அவருடைய மனம் ஒளியை நாடிற்று. 2010-இல் பெரியதொரு ஜப்பானியக் காகிதம் முழுவதையும் 22 காரட் பொன்தகட்டால் போர்த்து, ‘கண் கூசும் ஒளி’ என்று பெயரிட்டார். ஒளியின் பெயரால் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு. இறைவனைக் காண வேண்டுமென்று மூஸா நபி வேண்டியதும், இறைவனுடைய ஒளி வெளிப்பட மலை பொடியானதும், நபி மூர்ச்சித்து வீழ்ந்ததும் அதில் மற்றோரிடத்தில் சொல்லப்பட்டிருக்கின்றன. அப்பொற்காகிதத்தின் முன் நிற்போர்க்கு அந்த வரலாறு நினைவுக்கு வாராதிராது. தஸ்பீஹ் என்னும் ஜெபமாலையையும் அம்மையார் பெரிய மரமணிகளால் கோத்துத் தொங்கவிட்டார். பக்தன் விரல்களுக்கிடையே மறைந்து உருளுவது, ஆள் அண்ணாந்து பார்க்கும் பொருளாயிற்று.

இங்கே ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டுதல் அவசியம். அமெரிக்க விமர்சகர் சிலர் இக்கோடுகளைக் கண்டு, தம் நாட்டுச் சுருக்கக் கலையின் கிளையென்று வகைப்படுத்தினர். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எதைக் கண்டாலும் தம் வீட்டுச் சரக்கென்று நினைப்பது அவர்கள் வழக்கம். நமக்குக் கவலை தருவது வேறொன்று. நம்மவருள் நல்லெண்ணமுடைய சிலர், ‘தஸ்பீஹும் நமது ருத்திராட்ச மாலையும் ஒன்றே, மூஸா நபி கண்ட ஒளியும் அர்ச்சுனன் கண்ட விசுவரூபமும் ஒன்றே, ஆகவே இதுவும் நம்முடையதே’ என்கின்றனர். நோக்கம் நல்லது, தர்க்கம் பிழை. மாலைக்கு மாலை ஒப்புமை உண்டு. கத்தோலிக்கரிடமும் ஜெபமாலை உண்டு. அவ்வொப்புமை மகிழ்ச்சி தருவதே. ஆனால் நம்முடையதை ஒத்திருப்பதனால்தான் ஒன்று இந்நாட்டுக்கு உரியதாகும் என்றால், ஒவ்வாத பகுதியை என் செய்வது? அதைக் கடல் கடந்து அனுப்புவதா? உருவமில்லாத இறைவனை உருவமில்லாத கோட்டால் நாடிய ஒரு முஸ்லிம் பெண்மணியின் பக்தி, நமது வேதாந்தத்தின் சான்றிதழைப் பெற்றபின் இந்தியத்தன்மை அடைவதன்று. அலிகாரின் மண்ணில் அது விளைந்தது. அதுவே போதிய பாத்தியதை. முஸ்லிம் சகோதரனைச் சகோதரன் என்றழைப்பவன், அவன் தொழுகையை வேறு பெயரிட்டு மாற்றிக்கொள்ள அவசியமில்லை.

அம்மையாரும் எவருக்கும் முகஸ்துதி செய்தவரல்லர். 2003-இல் அழிவுற்ற ஒன்பது நகரங்களின் வரைபடங்களை அவர் மரத்தில் செதுக்கினார். பாக்தாத் உண்டு, காபூல் உண்டு, ஸரயேவோ உண்டு, தாம் குடியிருந்த நியூயார்க்கும் உண்டு. அவற்றிடையே, 2002-இல் கொலையும் தீயும் கண்ட நமது அகமதாபாத்தும் உண்டு. அவ்வரிசைக்கு இட்ட பெயரோ மிர்ஸா காலிபின் கவிதையிலிருந்து ஓர் அமெரிக்கப் பெண் கவி பெயர்த்த வாசகம். தில்லியின் அழிவைத் தம் கண்ணாற் கண்ட கவியின் சொல் அமெரிக்கா சென்று, மீண்டும் ஒரு அலிகார்ப் பெண்ணின் உளிக்கு வந்து சேர்ந்தது. அகமதாபாத்தின் பெயர் அதில் இருப்பது தேசத்துக்கு அவமானம் என்று சினப்பவர், அவமானம் சித்திரத்தில் இருக்கிறதா, சம்பவத்தில் இருக்கிறதா என்று தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

அம்மையாரின் படைப்புக்களைத் திரட்டிய பெருங்காட்சி 2012-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி, மறு வருஷம் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் சென்றது. 2011-இல் வெனிஸ் நகரத்துக் கலைவிழாவில் இந்தியாவின் பெயரால் அமைந்த மண்டபத்திலும் அவருடைய சித்திரங்கள் இடம் பெற்றன. வெளிநாட்டார் முன் நம் பெயரால் நிறுத்தத் தகுதியுள்ளவரென்று கண்ட பின்னும், தில்லியிலே இத்தகைய பெருங்காட்சி நடைபெற மேலும் ஒன்பது வருஷம் சென்றது. அதை நடத்தியதும் தனியார் ஸ்தாபனமே. அந்த ஸ்தாபனத்தாருக்கு நமது நன்றி உரியது. ஆனால் சர்க்கார் கலைக்கூடங்கள் தில்லியிலும் பம்பாயிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. இச்சித்திரங்கள் பெரும்பாலும் காகிதத்தில் பதிந்தவை. சுருட்டியும் அடுக்கியும் எங்கும் கொண்டு செல்லத்தக்கவை. அக்கூடங்கள் மூன்றிலும் இவற்றை முறையே காட்சிக்கு வைக்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அவ்வாறு வைக்குங்கால் ஆங்கிலக் குறிப்போடு நின்றுவிடாமல், உருதுச் சொற்களின் பொருளை அந்தந்த ஊர் மொழியிலும் அச்சிட்டு அருகே ஒட்டுதல் வேண்டும். மொத்தம் 36 சொற்கள். ஒரு நாட்பொழுது அச்சுக்கோர்ப்பு வேலை.