புதியவர்களுக்கு மட்டும் கதவடைப்பு

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை 2011 முதல் திருநர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையும் மனநல ஆலோசனையும் வழங்கிவந்தது. அறுவைச் சிகிச்சை மட்டும் கிடையாது. 2021-ல் அதற்கும் வழிசெய்யப்போவதாகச் சொன்னார்கள், சொன்னதோடு சரி. 2025 மார்ச்சில் ஹார்மோனுக்கும் கதவை மூடிவிட்டார்கள். அத்துறையில் ஏற்கெனவே சிகிச்சை பெறுபவர்களுக்கும், ராணுவத்திலிருந்து விலகும்போது அங்கே பெற்றுவந்தவர்களுக்கும் தொடருமாம். புதிதாகத் தொடங்க வருபவருக்கு இல்லை. இதில் மருத்துவ நியாயம் எங்கே இருக்கிறது? நேற்று வந்தவருக்குப் பலன் தரும் மருந்து, இன்று வருபவருக்கு எப்படி வேண்டாததாகும்? 2016 வரை திருநர்கள் வெளிப்படையாகப் படையில் இருக்கவே தடை இருந்தது. சீருடையைக் கழற்றிய பிறகுதான் டாக்டரிடம் வாய்திறக்கவே முடியும் என்று காத்திருந்தவர்கள் மீதுதான் இந்த உத்தரவு விழுகிறது. மிச்சமாகும் பணம் முடங்கிப்போன, கைகால் இழந்த வீரர்களுக்குப் போகுமாம். (பயனாளிகளில் திருநர்கள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்று சொன்னதும் இதே துறைதான். அதில் எவ்வளவு மிச்சமாகிவிடும்?) ஒரு வீரரின் காயத்தைக் காட்டி இன்னொருவரின் மருந்தை நிறுத்துவது அநியாயம். டாக்டர் எழுதித்தரும் சிகிச்சையைப் புதிதாக வருபவருக்கும் அத்துறை கொடுக்க வேண்டும்.