நடக்காத சண்டையும் நடக்கவிடாத சண்டையும்

ராக்கி மார்சியானோவும் முகம்மது அலியும் மோதினால் யார் ஜெயிப்பார்? ஜோ லூயிக்கு முன்னால் மைக் டைஸன் எத்தனை ரவுண்டு நிற்பார்? ஹெவிவெயிட் குத்துச்சண்டை ரசிகர்கள் இரண்டு பேர் கூடிவிட்டால் இந்த விவகாரம் கிளம்பாமல் இராது. கிளம்பினால் லேசில் ஓயாது. கற்பனையை வைத்தே பிழைப்பு நடத்துகிற நான் பிறருடைய கற்பனையைக் குறை சொல்வது நியாயமில்லைதான். ஆனால் கற்பனைச் சரக்கின் மேல் கணித சாஸ்திரம் என்று லேபிள் ஒட்டி விற்றால் சும்மா இருக்க முடியவில்லை.

விற்கவும் விற்றார்கள். 1967-ல் மயாமி நகரத்து வானொலிக்காரர் மர்ரே வொரோனர், பழைய புதிய சாம்பியன்கள் 16 பேருடைய பலம் பலவீனங்களை ஒரு கம்ப்யூட்டருக்குள் போட்டு, அது கக்கிய தீர்ப்பை நேரில் பார்த்துச் சொல்கிற வர்ணனை மாதிரி ஒலிபரப்பினார். அதில் அலி, 1953-லேயே காலமாகிவிட்ட ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுப்போனார்! நிஜத்தில் அதுவரை யாரிடமும் தோற்காத மனிதர் அவர். பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசமாகி, கடைசியில் ஒரு சினிமாவில் போய் முடிந்தது.

1969-ல் மார்சியானோவையும் அலியையும் ஒரு ஸ்டூடியோவுக்குள் நிறுத்திச் சண்டை போடுவது போல நடிக்க வைத்தார்கள். மார்சியானோ 49 சண்டையில் 49-ம் ஜெயித்து 1956-ல் ஓய்வு பெற்றவர். வயது 45. உடம்பை இளைத்துக்கொண்டு, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். ஒரே கதைக்குப் பல முடிவுகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நான் ஒரு தொடர்கதைக்கு நாலு முடிவு எழுதி நீட்டினால் எந்த ஆசிரியரும் என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே அதற்குப் பெயர் விஞ்ஞானம்! 1970 ஜனவரியில் படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. 13-வது ரவுண்டில் அலி விழுந்தார். அதைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. ஆகஸ்டிலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

சரி, உலகத்தின் முதல் குத்துச்சண்டைக்காரருக்கு ஸ்டூடியோவில் வந்து பொய்யாக விழுவதற்கு எப்படி ஐயா பொழுது கிடைத்தது? அதைத்தான் யாரும் கேட்பதில்லை. வியட்நாம் யுத்தத்துக்காகப் பட்டாளத்தில் சேர மாட்டேன் என்று 1967 ஏப்ரலில் அவர் மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள், லைசென்ஸையும் பிடுங்கினார்கள். 25 வயதிலிருந்து 28 வயது வரை, உடம்பு முழு வேகத்தோடு இருந்த காலத்தில், அந்த மனிதருக்கு நிஜ மேடை இல்லை. நிழல் மேடையில் தோற்பதற்கு மட்டும் தடையில்லை. 1971-ல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. போன மூன்றரை வருஷத்தை எந்தக் கோர்ட் திருப்பித் தரும்?

கணக்குக்கு வருவோம். ஜோ ஃப்ரேஸியர் 1971-ல் அலியை ஜெயித்தார். கென் நார்ட்டன் 1973-ல் ஜெயித்தார். அந்த இருவரையும் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டிரண்டு ரவுண்டில் துவம்சம் செய்தார். ஆகவே கணக்குப்படி, 1974 அக்டோபரில் கின்ஷாஸாவில் அலி தொலைந்திருக்க வேண்டும். எட்டாவது ரவுண்டில் விழுந்தவர் ஃபோர்மன்! 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் டைஸனைச் சாய்த்ததையும் எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்ணெதிரே மூச்சுவிடுகிற இரண்டு பேர் விஷயமே இந்த லட்சணம் என்றால், செத்தவர்களைப் பற்றி என்ன ஜோசியம்?

அதோடு, எந்தக் காலத்துச் சட்டப்படி சண்டை? 1919-ல் ஜாக் டெம்ப்ஸி, விழுந்த வில்லார்டின் பக்கத்திலேயே நின்று, அவர் எழுந்திருக்க எழுந்திருக்க அடித்தார். இன்று அப்படி நிற்க முடியாது. மூலைக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அந்த நாளில் 15 ரவுண்டு, 20 ரவுண்டு, இன்று 12. "இன்றைய ராட்சதர்களுக்கு முன் பழையவர்கள் எம்மாத்திரம்?" என்று எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2024 டிசம்பரில் உஸிக், தம்மைவிட ஐம்பது ராத்தலுக்கு மேல் கனமான டைஸன் ஃப்யூரியை ஜெயித்தார்.

கற்பனைச் சண்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமானால், நடந்திருக்கக்கூடியதை, நடக்க விடாமல் தடுத்ததைக் கற்பனை செய்யுங்கள். பீட்டர் ஜாக்ஸன் என்ற கறுப்பர் 1891-ல் ஜிம் கார்பெட்டோடு 61 ரவுண்டு சண்டையிட்டார், முடிவே ஏற்படவில்லை. மறுவருஷம் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு கார்பெட்டுக்குக் கிடைத்தது. ஜாக்ஸனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஜாக் ஜான்ஸன் டாமி பர்ன்ஸை ஸிட்னி வரை துரத்திப் போய்த்தான் 1908-ல் பட்டத்தைப் பிடித்தார். (பிடித்த பிறகு அவரும் ஸாம் லாங்ஃபோர்டு என்ற இன்னொரு கறுப்பருக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. பட்டம் வந்ததும் புத்தி மாறுகிறது!) 1915-ல் ஜான்ஸன் தோற்றபின், 1937-ல் ஜோ லூயி மேடை ஏறும்வரை, 22 வருஷம் ஒரு கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத இடமில்லை.

அந்த 22 வருஷத்துக்குள் அகப்பட்டுக்கொண்டவர் ஹாரி வில்ஸ். டெம்ப்ஸியின் காலம்தான் அவர் காலமும். அதே சட்டம், அதே மேடை, ஆள் கிடைப்பதும் கஷ்டமில்லை. வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒப்பந்தம்கூட எழுதினார்கள். சண்டை மட்டும் நடக்கவில்லை. 1926-ல் டெம்ப்ஸி பட்டத்தை ஜீன் டன்னியிடம் தோற்றார். வில்ஸின் கதை முடிந்தது. இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். அன்றைக்கு ஒரு டிக்கெட் ஆபீஸைத் திறந்திருந்தால் போதும், விடை கிடைத்திருக்கும்.

வொரோனரின் 16 பேர் பட்டியலில் வில்ஸின் பெயர் கிடையாது. சாம்பியன்களுக்கு மட்டும்தானாம் இடம்.