மலைக்காத்துல ஏது டாக்டர் அலர்ஜி?

"மலைக்காத்து சுத்தமானது. அங்க ஏது டாக்டர் அலர்ஜி? அதெல்லாம் ஏசி ரூம் பணக்காரங்க வியாதி." கல்வராயன் மலையைப் பத்திப் பேசும்போது, நல்லாப் படிச்ச நண்பர் ஒருத்தர் சொன்னது. அவருக்குப் பதில்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

இந்த நினைப்புக்கு 200 வயசு ஆகுது.

1819-ல ஜான் பாஸ்டாக்னு ஒரு மருத்துவர், வருஷா வருஷம் கோடையில தனக்கு வர்ற கண் அரிப்பு, அடுக்குத் தும்மல், மூக்கொழுகல் பத்தி லண்டன் மருத்துவச் சங்கத்துல கட்டுரை வாசிச்சார். ஒரே கேஸ், அதுவும் அவரேதான். அப்புறம் 9 வருஷம் தேடி, 28 பேர் விவரத்தோட 1828-ல மறுபடி எழுதினார். ஏழைகளுக்கான மருந்தகங்கள்லயும் விசாரிச்சாராம். ஏழைகள்ல ஒருத்தருக்குக்கூட இது உறுதியா இருக்கறதாத் தெரியலைன்னு எழுதிட்டார்.

எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். தும்மலுக்காக ஒரு நாள் கூலியை விட்டுட்டு எந்த ஏழை டாக்டர்கிட்ட வருவார்? வராதவங்க கணக்குல வரமாட்டாங்க. கணக்குல இல்லாததால அவங்களுக்கு வியாதியே இல்லைன்னு ஆயிடுச்சு.

1873-ல மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி, மகரந்தம்தான் காரணம்னு காட்டினார். தன் மூக்குலயும், கீறின தோல்லயும் மகரந்தத்தை வச்சுப் பார்த்த மனுஷன்! அவரும் இது விவசாயிகளுக்கு அரிது, படிச்சவங்க வியாதின்னுதான் எழுதினார்.

இதுல கொஞ்சம் உண்மை இருக்கு. மாட்டுத்தொழுவத்தோட வளர்ற பிள்ளைகளுக்கு மகரந்த அலர்ஜி குறைவுன்னு ஐரோப்பிய ஆய்வுகள் சொல்லுது. ஆனா குறைவு வேற, இல்லவே இல்லைங்கறது வேற. அதோட மூக்கைக் கெடுக்க மகரந்தம் மட்டும்தானா இருக்கு? கள்ளக்குறிச்சி ரைஸ் மில்லுல பறக்கற தவிட்டுத்தூசி, மக்காச்சோளம் அடிக்கற தூசி, ரோட்டோரப் பார்த்தீனியம். மேல வெள்ளிமலைப் பக்கம் போனா, ஜன்னல் இல்லாத அடுக்களையில விறகடுப்புப் புகை. அலர்ஜியே இல்லாதவங்க மூக்கையும் புகை புண்ணாக்கும்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏதுங்க"ன்னு சொல்றவங்களுக்கு: நம்ம சித்த மருத்துவத்துல பீனிசம்னு இதுக்குப் பேரே இருக்கு. ரோஜா பூக்கற காலத்துல வர்ற மூக்கொழுகலைப் பத்திப் பாரசீக மருத்துவர் அல்-ராஸி ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தனியா எழுதி வச்சிருக்கார்.

மலையில இருந்து ஒரு அக்கா வந்தாங்க. 8 வருஷமா "சளி". "காய்ச்சல் உண்டாக்கா?" "இல்லைங்க சார், காலைல எந்திரிச்சா தும்மல்தான், 20, 30 தடவை." மடியில இருந்து ஒரு மூக்கு டிராப்ஸ் பாட்டிலை எடுத்துக் காட்டினாங்க. தினமும் ராத்திரி போடறாங்களாம். அடைப்பை உடனே திறக்கற அந்த வகை டிராப்ஸை 5 நாளுக்கு மேல போட்டா, மருந்தே மூக்கை அடைக்கும். இதுக்கு 1940-கள்லயே பேர் வச்சாச்சு. கடையில கேட்டதும் எடுத்துக் கொடுக்கறாங்க. சொல்லித்தான் யாரும் கொடுக்கல.

குழந்தைங்க கதை இன்னும் மோசம். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி சிரப்பை 4 வயசுக்குக் கீழ தரக்கூடாதுன்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. உங்க வீட்டு பாட்டில் லேபிளை இப்பவே எடுத்துப் பாருங்க.

"தும்மல்தானே"ன்னு விடறதும் தப்பு. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. மூக்கு அலர்ஜி உள்ளவங்களுக்கு ஆஸ்துமா வர்ற வாய்ப்பு அதிகம். ஓபியில கூட்டமா இருந்தாலும் விடாம ஒரு கேள்வி கேளுங்க: "இது சளியா, அலர்ஜியா?" அந்த ஒரு நிமிஷத்தைத் தர வேண்டியது எங்க கடமை, சலுகை இல்ல.

ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்தா பயப்படாதீங்க. மூக்குக்குள்ள மட்டும் வேலை செய்யற சின்ன அளவு அது. ஒரே நாள்ல கேட்காது, ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். மூக்கோட நடுச்சுவரைப் பார்த்து அடிக்காம, காதுப்பக்கமாச் சாய்ச்சு அடிங்க. நடுச்சுவர்ல பட்டா ரத்தம் கசியும்.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. ராத்திரி ஓபி முடிச்சுட்டு வந்து பதில் போடறேன்.