பவளம் கேட்கும் நீரும் பிள்ளை குடிக்கும் நீரும்



வீட்டுத் தொட்டியில் பவள உயிரிகளை வளர்க்கும் தந்தையார் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "ஐயா, வீட்டு வடிகட்டி நீரில் கடலுப்பைக் கலந்து தொட்டியில் ஊற்றலாமா? இன்னும் வடிகட்ட வேண்டுமா?"

"வடிகட்டத்தான் வேண்டும்" என்றேன். அவர் முகம் வாடியது. "பவளத்திற்கே ஆகாத நீரையா என் பிள்ளைக்குக் கொடுக்கிறேன்?" என்றார்.

இந்த அச்சத்தைத்தான் சிலர் நம் வாசலுக்கே வந்து விற்கின்றனர். அதை எதிர்த்தே இப்பதிவு.

முதலில் பவளம். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை செம்பை ஏற்கிறது. கடல்மீனின் ஒட்டுண்ணி நோய்க்கு மருந்தாக இடும் செம்போ லிட்டருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம்தான். அதுவே பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். மேலும், 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் ஆவியானால், 50 நாளில் இன்னொரு தொட்டி நீரையே ஊற்றியிருப்போம். நீர் போய்விடும், அதில் கரைந்திருந்த செம்பும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தங்கிவிடும். ஆகவே கரி வடிகட்டி போதாது. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரில் எஞ்சியிருப்பதையும் அயனி நீக்கும் பிசினால் அகற்ற வேண்டும். டி.டி.எஸ். மானி சுழியத்தைக் காட்ட வேண்டும்.

ஆனால், அந்தச் சுழியம் பவளத்திற்கான அளவுகோல், பிள்ளைக்கானது அன்று. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது அதே தரம். அம்மானி கிருமியைக் காட்டாது, எண்ணெயையும் காட்டாது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கழிவு கலந்தபோது, நம் பெஸ்தாரி ஜெயா வட்டார நிலையங்கள் உட்பட நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நீர் நின்றது. அன்று அவற்றை மூட வைத்தது நாற்றம், டி.டி.எஸ். எண் அன்று.

இனி, வாசலில் நடக்கும் வித்தை. விற்பனையாளர் இரும்புக் கம்பிகளைக் குழாய் நீரில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுவார். நீர் பழுப்பாகும். அவர் கொண்டுவந்த நீர் தெளிவாகவே நிற்கும். "பார்த்தீர்களா அழுக்கை!" என்பார். அஃது அழுக்கன்று, கம்பியின் துரு! கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் கம்பி அரிக்கிறது. உப்பில்லா நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, அவ்வளவுதான். இதைக் கண்டு மிரண்டு, தோட்டத்துச் சம்பளத்தில் மாதத் தவணை கட்டும் தாய்மாரை நான் அறிவேன். அப்பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கியிருக்கலாமே!

வடிகட்டியே வேண்டா என்று நான் சொல்லவில்லை. பழைய குழாயில் மண்ணும் துருவும் வந்தால் எளிய வடிகட்டி ஒன்றைப் பொருத்துங்கள். கிருமி குறித்து ஐயமிருந்தால் நீரைக் கொதிக்க வையுங்கள். அச்சத்திற்காக மட்டும் கடன்படாதீர்கள்.

அடுத்த முறை அவர் வந்தால், உங்கள் பிள்ளையை இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "அங்கிள், உங்கள் நீரிலும் ஒரு சிட்டிகை உப்பிட்டுக் காட்டுங்கள்." அதுவும் பழுப்பாகும். மின்சாரம் கடத்தும் பொருள்களைப் பற்றி வகுப்பில் நாம் நடத்தும் பாடம் வீட்டு வாசலில் பயன்படவில்லை என்றால், அதை எதற்காக நடத்துகிறோம்?

சிந்திப்போம்.